அஞ்சல் உறையில் வந்த தொலைக்காட்சி

எங்கள் கல்லூரி இயற்பியல் துறையின் அலமாரியில் ஒரு பெட்டி இருக்கிறது. கார்ல் சேகன் 1980-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக உருவாக்கிய ‘காஸ்மாஸ்’ என்னும் 13 பகுதித் தொடர் அதில் ஏழு டி.வி.டி. தட்டுகளாக அடங்கியுள்ளது. சென்ற ஆண்டு இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் அலமாரியைத் துடைக்கும்போது அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் இன்னும் எதற்கு சார் வைத்திருக்கிறீர்கள்? எல்லாந்தான் போனிலேயே வந்துவிடுகிறதே!” என்று கேட்டார்.

கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடை கூற முற்பட்டபோது ஒரு வரலாற்றையே சொல்ல வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் 1998 முதல் 2023 வரை, 25 ஆண்டுக் காலம், திரைப்படங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் சாதாரணத் தபாலில், கடித உறைக்குள், வாடகைக்கு வீடு தேடி வந்தன. அந்த முறை எப்படித் தோன்றியது? கடைகளை எவ்வாறு வென்றது? பின்னர் ஏன் மறைந்தது? மறைந்தபோது தன்னோடு எதைக் கொண்டு சென்றது? இவற்றை வரிசையாகக் காண்போம்.

நாடாவும் கடையும்

தொலைக்காட்சி தோன்றி நெடுங்காலம் வரை, ஒரு தொடரைப் பார்க்க விரும்பியவர் அது ஒளிபரப்பாகும் நேரத்தில் பெட்டியின் முன் அமர்ந்தாக வேண்டும். தவறவிட்டால் மறு ஒளிபரப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான். இந்த நிலையை மாற்றியது வீடியோ காசெட். சோனி நிறுவனம் 1975-இல் பீட்டாமாக்ஸ் முறையையும், ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் வி.எச்.எஸ். முறையையும் வெளியிட்டன. 1977-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜார்ஜ் அட்கின்சன் என்பவர் திரைப்படக் காசெட்டுகளை விலைக்கு வாங்கி, அவற்றை நாள் வாடகைக்கு விடும் கடை ஒன்றைத் திறந்தார்.

படத்தின் உரிமையாளர் இதை ஏன் தடுக்கவில்லை என்று கேட்கலாம். தடுக்க இயலவில்லை என்பதே உண்மை. அதற்குக் காரணம், காசெட் என்னும் பொருளையே அறியாத காலத்தில், ஒரு நாவலைப் பற்றி நடந்த வழக்கு. பதிப்பகம் ஒன்று தன் நாவலை 1 டாலருக்குக் குறைத்து விற்கக்கூடாது என்று நூலிலேயே அச்சிட்டிருந்தது. நியூயார்க்கின் மேசி அங்காடி அதை 89 சென்ட்டுக்கு விற்றது. 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால் அந்தப் பிரதியின் மேல் பதிப்பாளருக்கு இருந்த பிடி தீர்ந்துவிடுகிறது என்று தீர்ப்பளித்தது. அந்தக் கொள்கை பின்னர் சட்டத்திலும் இடம்பெற்றது. வாங்கியவர் அப்பிரதியை விற்கலாம், கொடுக்கலாம், இரவல் தரலாம், வாடகைக்கும் விடலாம். நகல் எடுக்கத்தான் கூடாது.

இந்த உரிமை எல்லாப் பொருள்களுக்கும் நிலைத்துவிடவில்லை. இசைத்தட்டுகளை வணிக நோக்கில் வாடகைக்கு விடுவதை 1984-இலும், கணிப்பொறி நிரல்களை வாடகைக்கு விடுவதை 1990-இலும் அமெரிக்கச் சட்டம் தடை செய்தது. படங்களுக்கு அத்தடை வரவில்லை. (நம் நாட்டுச் சட்டம் இதில் வேறுபட்டது. 1994-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பிரதி ஒருமுறை விற்கப்பட்ட பிறகும் திரைப்படத்தை வாடகைக்கு விடும் உரிமை அதன் உரிமையாளரிடமே உள்ளது.)

ஆகவே அமெரிக்கா எங்கும் வாடகைக் கடைகள் பெருகின. 1985-இல் டல்லாஸ் நகரில் தொடங்கிய பிளாக்பஸ்டர் என்னும் நிறுவனம், 2004 வாக்கில் சுமார் 9,000 கடைகளை நடத்தும் அளவுக்கு வளர்ந்தது. குறித்த நாளில் காசெட்டைத் திருப்பித் தராதவர்களிடம் வாங்கிய தாமதக் கட்டணம் அதன் வருமானத்தில் ஒரு முக்கியப் பகுதியாக இருந்தது.

ஆனால் இக்கடைகள் திரைப்படங்களுக்கே ஏற்றவை. தொடர்களுக்கு உகந்தவை அல்ல. ஒரு சிறு கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். அமெரிக்கத் தொடர் ஒன்றில் ஓர் ஆண்டுக்கு 24 பகுதிகள். பகுதிக்கு 45 நிமிடம். ஆக 18 மணி நேரம். நல்ல தரத்தில் ஒரு காசெட் 2 மணி நேரமே ஓடும். எனவே ஓர் ஆண்டுத் தொடருக்கு 9 காசெட்டுகள்! ஒவ்வொன்றும் ஒரு தடித்த புத்தகம் அளவு. புதுப் படங்களுக்கே இடம் போதாத கடைக்காரர், எப்போதோ ஒருவர் கேட்கப்போகும் தொடருக்காக 9 இடங்களை ஏன் ஒதுக்கப்போகிறார்?

பதினாறு கிராம்

இந்தக் கணக்கை மாற்றியது டி.வி.டி. தட்டு. அது 1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. விட்டம் 12 செ.மீ., தடிமன் 1.2 மி.மீ., எடை சுமார் 16 கிராம். தோற்றத்தில் பாட்டுக் கேட்கும் குறுந்தகட்டுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. வேறுபாடு உள்ளே இருக்கிறது.

இரண்டிலும் செய்தி, நுண்ணிய பள்ளங்களாகச் சுருள் தடம் ஒன்றில் பதிக்கப்பட்டிருக்கும். லேசர் கதிர் அத்தடத்தைத் தொடர்ந்து சென்று படிக்கும். ஓர் ஒளிக்கதிரை எவ்வளவுதான் குவித்தாலும் அதன் அலைநீளத்தை ஒட்டிய அளவுக்குக் கீழே புள்ளியைச் சிறிதாக்க முடியாது என்பதை மாணவர்கள் அறிவார்கள். குறுந்தகட்டைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். டி.வி.டி.யைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். அதனுடன் இன்னும் கூர்மையாகக் குவிக்கும் வில்லையும் சேர்ந்தது. ஆகவே அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே இருந்த 1.6 மைக்ரான் இடைவெளியை 0.74 மைக்ரானாகக் குறைக்க முடிந்தது. தட்டில் உள்ள அந்தச் சுருளை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 12 கி.மீ. நீளும்! குறுந்தகட்டில் சுமார் 700 மெகாபைட் கொள்ளும், டி.வி.டி.யின் ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட், இரண்டு அடுக்கில் 8.5 ஜிகாபைட் கொள்ளும். இரண்டு அடுக்குத் தட்டு ஒன்றில் 45 நிமிடப் பகுதிகள் நான்கு நல்ல தரத்தில் அடங்கிவிடும்.

2000 மே மாதத்தில் ‘எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடரின் முதல் ஆண்டு முழுவதும், 24 பகுதிகள், 7 தட்டுகளாக ஒரே பெட்டியில் வெளிவந்தது. 9 காசெட்டுகளின் இடத்தில் ஒரு புத்தக அளவுப் பெட்டி. ஆனால் அதன் விலை சுமார் 150 டாலர்.

ஒரு சோதனைக் கடிதம்

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ரீட் ஹேஸ்டிங்ஸ், மார்க் ராண்டால்ஃப் என்னும் இருவர் தபால் வழியே ஏதேனும் வணிகம் செய்ய எண்ணிக்கொண்டிருந்தனர். வீடியோ காசெட் அதற்கு ஒத்துவராது. பெரியது, கனமானது, தபால் செலவு கட்டாது. அப்போதுதான் டி.வி.டி.யைப் பற்றிக் கேள்விப்பட்டனர். டி.வி.டி. கைக்குக் கிடைக்காததால், குறுந்தகடு ஒன்றை வாங்கி உறையிலிட்டு, சாண்டா குரூஸ் நகரிலிருந்து ஹேஸ்டிங்ஸின் வீட்டு முகவரிக்கே அஞ்சல் செய்தனர். அது உடையாமல் வந்து சேர்ந்தது. இவ்வளவுதான் அவர்களது ஆராய்ச்சி!

1997 ஆகஸ்டில் தொடங்கிய அவர்களது நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், 1998 ஏப்ரல் 14 அன்று சுமார் 925 தலைப்புகளுடன் வாடகைக்கு விடத் தொடங்கியது. தட்டின் எடையும் உறையின் எடையும் சேர்ந்து ஓர் அவுன்சுக்குள், அதாவது 28 கிராமுக்குள், அடங்கியதால் ஒரு சாதாரணக் கடிதத்தின் கட்டணமே போதும். 1999-இல் அது 33 சென்ட். அதே ஆண்டில் மாதச் சந்தா முறை வந்தது. சந்தாதாரர் தாம் விரும்பும் தட்டுகளை ஒரு பட்டியலாக எழுதி வைக்கலாம். தாமதக் கட்டணம் கிடையாது. எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றைத் திருப்பி அனுப்பினால்தான் பட்டியலில் அடுத்தது வரும்.

இதில் தபால் துறைக்கும் ஓர் இடர் இருந்தது. கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரம் அவற்றை உருளைகளுக்கு இடையே வளைத்து விரைந்து ஓட்டும். காகிதம் வளையும், தட்டு உடையலாம். ஆகவே அவ்வுறைகளில் பலவற்றை ஊழியர்கள் கையாலேயே பிரிக்க வேண்டியிருந்தது. கடிதக் கட்டணத்தில் இவ்வளவு சலுகை பெறலாமா என்று வேறொரு நிறுவனம் முறையிட்டதும் உண்டு.

எது மலிவு, எது வசதி?

2002-இல் ஓர் அமெரிக்கர் 7 தட்டுகள் கொண்ட தொடரொன்றை முதலிலிருந்து பார்க்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன் இருந்த வழிகள் எவை?

விலைக்கு வாங்கலாம், 100 டாலருக்கு மேலும் ஆகும், பெரும்பாலோர் ஒருமுறைதான் பார்ப்பார்கள். கடையில் வாடகைக்கு எடுக்கலாம். ஒவ்வொரு தட்டுக்கும் தனி வாடகை, போக வர அலைச்சல், இரண்டாம் தட்டை வேறொருவர் எடுத்துச் சென்றிருந்தால் கதை அங்கேயே நிற்கும். பொது நூலகத்தில் இலவசமாக எடுக்கலாம். ஆனால் வரிசை நீளம். தபால் சந்தாவுக்கோ மாதம் சுமார் 20 டாலர். ஒரே நேரத்தில் 3 தட்டுகள் கையில் இருக்கலாம். 2002-இல் தொடங்கி மெக்டொனால்ட்ஸ் உணவகங்களில் முளைத்த ரெட்பாக்ஸ் என்னும் தானியங்கிப் பெட்டிகள் பின்னர் ஓர் இரவுக்கு 1 டாலர் வீதம் தட்டுகளைத் தந்தன. ஒரு படத்திற்கு அதைவிட மலிவு இல்லை. ஆனால் ஒரு பெட்டியில் சில நூறு தட்டுகளே கொள்ளும். அவையும் புதுப் படங்கள். பழைய தொடரின் மூன்றாம் ஆண்டு, ஐந்தாம் தட்டை அதில் தேடிப் பயனில்லை.

மூன்று தட்டு என்ற எண்ணில் ஒரு நுட்பம் உண்டு. நம் வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நகராட்சித் தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஆயினும் குழாயைத் திறந்தால் எப்போதும் நீர் கொட்டுகிறது. காரணம், இடையில் தொட்டி இருக்கிறது. அதுபோலவே, இன்று பார்ப்பது ஒரு தட்டு, நாளைக்காகக் காத்திருப்பது ஒரு தட்டு, தபாலில் வந்துகொண்டிருப்பது ஒரு தட்டு. வழங்கு மையங்கள் 50-க்கு மேல் பெருகி, பெரும்பாலான ஊர்களுக்கு ஒரே நாளில் தட்டு வந்து சேர்ந்த காலத்தில், 7 தட்டுத் தொடரை ஒன்றரை வாரத்தில் முடித்துவிட இயன்றது. ஞாயிற்றுக்கிழமை தபால் இல்லை என்பது ஒன்றே குறை.

தபால் பையின் வேகம்

இங்கேதான் நான் வகுப்பில் கொடுக்கும் கணக்கு வருகிறது. 8.5 ஜிகாபைட் என்றால் 6,800 கோடி பிட். 1990-களின் இறுதியில் அமெரிக்க வீடுகளில் பரவலாக இருந்த தொலைபேசி மோடத்தின் உச்ச வேகம் நொடிக்கு 56,000 பிட். ஒரு தட்டின் செய்தியை அதன் வழியே அனுப்ப எவ்வளவு நேரமாகும்? வகுத்துப் பார்த்தால் சுமார் 12 லட்சம் நொடிகள், அதாவது 14 நாட்கள்! அதே தட்டு தபாலில் ஒரு நாளில் வந்தால், அதன் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 7,87,000 பிட். தபால்காரர் மோடத்தைவிட 14 மடங்கு வேகம். அவர் பையில் 100 தட்டுகள் இருந்தால் 1,400 மடங்கு!

ஒரு நொடியில் எவ்வளவு செய்தி செல்கிறது என்பது ஒன்று. முதல் பிட் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்பது மற்றொன்று. முன்னதில் தபால் மிகச் சிறந்தது. பின்னதில் மிக மோசமானது. இரண்டும் வேறு வேறு அளவுகள் என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

கம்பி வென்றது

2000-ஆம் ஆண்டில் ஹேஸ்டிங்ஸும் ராண்டால்ஃபும் தங்கள் நிறுவனத்தை 5 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ளுமாறு பிளாக்பஸ்டரைக் கேட்டனர்; பிளாக்பஸ்டர் மறுத்துவிட்டது. 2004-இல் அதுவும் தபால் சேவையில் இறங்கியது. 2005-இல் தாமதக் கட்டணத்தைக் கைவிட்டது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. 2010 செப்டம்பரில் அது திவால் மனு அளித்தது.

ஆனால் தபாலின் வெற்றியும் நெடுநாள் நிலைக்கவில்லை. 2003-இல் வெளியான எச்.264 என்னும் புதிய சுருக்க முறை, டி.வி.டி.யில் பயன்பட்ட முறையைவிட ஏறத்தாழப் பாதி பிட்களிலேயே அதே தரத்தைத் தந்தது. வீடுகளுக்கு வந்த இணைப்பின் வேகமோ நொடிக்குச் சில பத்து லட்சம் பிட்களாக உயர்ந்தது. படத்தை முழுவதும் இறக்கி வைத்துக்கொள்ளத் தேவையில்லை, வரவரப் பார்க்கலாம். 2007 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் சுமார் 1,000 தலைப்புகளை இணையம் வழியே காட்டத் தொடங்கியது. அடுத்த மாதமே, தபாலில் தான் அனுப்பிய நூறு கோடியாவது தட்டையும் அனுப்பியது!

2011-இல் அது தபாலுக்கும் இணையத்துக்கும் தனித்தனிக் கட்டணம் விதித்தது. இரண்டும் வேண்டுவோர் 9.99 டாலருக்குப் பதில் 15.98 டாலர் தர நேர்ந்தது. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் மட்டும் 8 லட்சம் சந்தாதாரர்கள் குறைந்தனர். ஆயினும் பாதை மாறவில்லை. 2013 பிப்ரவரி 1 அன்று, தனக்கெனத் தயாரிக்கப்பட்ட ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ தொடரின் 13 பகுதிகளையும் அது ஒரே நாளில் வெளியிட்டது. ஒரு தொடரைத் தொடர்ச்சியாக உட்கார்ந்து பார்க்கும் பழக்கத்தைத் தட்டுப் பெட்டிகள் ஏற்கெனவே வளர்த்திருந்தன. இறுதியாக, 520 கோடிக்கு மேற்பட்ட தட்டுகளை அனுப்பிய பிறகு, 2023 செப்டம்பர் 29 அன்று தபால் சேவை நிறுத்தப்பட்டது. கடைசியாகப் பெற்ற தட்டுகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சந்தாதாரர்களுக்குச் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு ரெட்பாக்ஸின் தாய் நிறுவனமும் திவாலாகி, அந்தப் பெட்டிகளும் மூடப்பட்டன.

இழந்தது எது?

வேகத்தில் கம்பி வென்றதில் ஐயமில்லை. ஆனால் வேகம் மட்டுமே கணக்கல்ல. தபால் சேவை உச்சத்தில் இருந்தபோது அதன் பட்டியலில் ஏறத்தாழ ஒரு லட்சம் தலைப்புகள் இருந்தன. இணையப் பட்டியலில் இருப்பவை சில ஆயிரங்களே. ஏன் இந்த வேறுபாடு?

இப்போது 1908-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குத் திரும்புவோம். தட்டு ஒரு பொருள். கடையில் அதை வாங்கிய எவரும் யாரையும் கேளாமல் வாடகைக்கு விடலாம். ஒரு லட்சம் தலைப்புகளைச் சேர்க்க ஒரு லட்சம் தட்டுகளை வாங்கினால் போதும். ஆனால் கம்பி வழியே வரும் பிட்களுக்கு அத்தீர்ப்பு பொருந்தாது. அங்கே விற்பனை நடப்பதில்லை. உரிமம் மட்டுமே வழங்கப்படுகிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் உரிமையாளரிடம் ஒப்பந்தம் செய்ய வேண்டும். தவணை முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் மறுத்தால் அது பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

பழைய தொடர்களுக்கு மற்றொரு சிக்கல், அவற்றில் ஒலிக்கும் பாடல்கள். அவற்றின் உரிமை பலரிடம் சிதறிக் கிடக்கும். 1985 முதல் 1989 வரை ஒளிபரப்பான ‘மூன்லைட்டிங்’ தொடர் இக்காரணத்தால் நெடுங்காலம் இணையச் சேவை எதிலும் இல்லை. தட்டில் மட்டும் இருந்தது. அது இணையத்துக்கு வந்தது 2023 அக்டோபரில், தபால் சேவை நின்ற மறு மாதம். 1993 முதல் 1999 வரை ஏழு ஆண்டுகள் ஓடி விமரிசகர்களின் பாராட்டைப் பெற்ற ‘ஹோமிசைடு’ தொடர் 2024 ஆகஸ்டில்தான் வந்தது. தட்டு வெளியிடவும் பாடல் அனுமதி தேவைதான். ஆனால் அச்சிட்டு விற்ற தட்டை யாரும் திரும்பப் பறிக்க இயலாது. இணையத்தில் இருப்பதோ ஓர் ஒப்பந்தம் முடியும் நள்ளிரவில் மறையலாம்.

தட்டு சாகாவரம் பெற்றது என்று நான் சொல்ல வரவில்லை. கீறல் விழும், இரண்டு தகடுகளை ஒட்டிய பசை விடும், எல்லாவற்றையும்விட, படிக்கும் கருவி அருகி வருகிறது. ஆனால் இவை பொருளுக்கு வரும் முதுமை. முன்கூட்டியே அறிந்து பேணலாம். ஆகவேதான் அமெரிக்கப் பொது நூலகங்கள் பல இன்றும் தட்டுகளை இரவல் தருகின்றன. சியாட்டில் நகரில் ‘ஸ்கேர்குரோ வீடியோ’ என்னும் வாடகைக் கடை 2014-இல் லாப நோக்கற்ற அமைப்பாக மாறி, லட்சத்துக்கு மேற்பட்ட தலைப்புகளைப் பாதுகாத்து வருகிறது.

இவ்வளவையும் கேட்ட எங்கள் மாணவர், “அப்படியானால் முதல் தட்டை நான் எடுத்துச் செல்லட்டுமா சார்?” என்றார். பதிவேட்டில் கையெழுத்திடும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. அவர் மடிக்கணிப்பொறியில் தட்டைப் போடும் இடமே இல்லை. ஆகவே சனிக்கிழமை பிற்பகல் துறையின் பழைய கணிப்பொறியிலேயே பார்ப்பது என்று முடிவாயிற்று. அவர் ஒருவர் வருவார் என்றிருந்தேன். பதினொரு பேர் வந்தார்கள். அன்று கல்லூரியில் இணைய இணைப்பு வேலை செய்யவில்லை. அதனால் எங்களுக்கு ஒரு குறையும் நேரவில்லை.